குடிநோயும் அடியார் கூட்டுறவும்

(இரணியலில், மகா சிவராத்திரிக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை மாலை, கூடியிருந்த அன்பர்கட்குச் சொல்லியதன் எழுத்து வடிவம்)



சிவராத்திரிக்கு இன்னும் சின்னாட்களே உள. கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலுள்ள பன்னிரு சிவாலயங்களையும் ஒரே தொடர்ச்சியாய் ஓடித் தொழும் சிவாலய ஓட்டத்திற்கென நம்மூர் இளைஞர் பலர் மாலையணிந்துள்ளனர். முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அவ்வோட்டத்தின் வழியில், வில்லுக்குறியை அடுத்த திருவிடைக்கோடும் திருவிதாங்கோடும் நம் இரணியலுக்கு அண்மையில் உள்ளன. ஆதலின் அன்றிரவு விடியுமட்டும் 'கோவிந்தா, கோபாலா' என்னும் ஒலி நம் செவியில் ஓய்வதில்லை. சிவாலயத்தை நோக்கி ஓடுவோர் திருமாலின் நாமத்தைச் சொல்லி ஓடுவது என்னையென்று வெளியூர்ச் சைவர் வியந்து வினவுவர். அதற்கு விடை பிறிதொரு நாள் சொல்லலாம். இன்று யான் சொல்லப் புகுந்தது அவ்வோட்டக்காரருள் ஒரு சிலரைப் பற்றியதாகும்.

ஆண்டு முழுதும் குடிக்கும் ஒருவர், மாலையணிந்த நாள்தொட்டு மதுவைத் தொடார். சபரிமலைக்கு மாலையணிவோரும் 41 நாளும் அவ்வாறே இருப்பர். மனைவி மக்கள் அந்நாட்களில் முகம் மலர்ந்திருப்பர். கடன்காரர்க்கும் சிறிது பணம் சேரும். மாலையைக் கழற்றிய அன்று பொழுதுசாயும் முன்னரே அவர் திங்கள்சந்தைப் பக்கம் நடந்து போவதைக் காணலாம். 'விரதம் முடிந்தது, விருந்து தொடங்கிற்று' என்று தெருவிலுள்ளார் நகைப்பர். யானும் நகைத்ததுண்டு. இப்போது நகைப்பதில்லை. அதன் காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகிறேன். அது என் பிழை. அதனை மறைத்துவைத்துக்கொண்டு பிறர்க்கு அறங்கூறுதல் பொருந்தாது.

பதினோராண்டுகட்கு முன், ஒரு கோயிலில் மாலை தொடுக்கும் கைங்கரியஞ் செய்துவந்தார் ஒருவர். தோவாளையிலிருந்து பூ வந்திறங்கும் முன்னரே வந்து காத்திருப்பார். அவர் தொடுத்த மாலையில் ஒரு காம்பும் பிதுங்கி நில்லாது. நெடுங்காலமாய்க் குடித்துவந்தவர், அப்போது காலை எழுந்தவுடனே குடித்தாலன்றிக் கை நிலைகொள்ளாத அளவுக்கு வந்துவிட்டார். அவர் மனைவியார் அவரை என்னிடம் அழைத்துவந்து, "ஐயா, நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்" என்றார். யான் ஒரு சொல்லன்று, ஒரு நாழிகைக்கு மேலாகவே சொன்னேன். கள்ளுண்ணாமை அதிகாரம் பத்துப் பாட்டுக்கும் பொருள் விரித்தேன். பின்னர்ச் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, 'இனித் தொடேன்' என்று சத்தியஞ் செய்வித்தேன். அவர் கண்ணீர் வடித்தார். எனக்கு உள்ளூரப் பெருமிதமாகவே இருந்தது.

அவர் சத்தியத்தை மீறினாரல்லர். அதனையே நீங்கள் கருத்தில் வைத்தல் வேண்டும். அவர் அதனைக் காத்தார். முதல் நாள் கை நடுங்கி நாரும் பூவும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் உடல் வியர்த்து வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள் இரவு, பூக்கூடையிலிருந்து எறும்புகள் தம்மேல் ஏறுகின்றன என்று கூவினார், அங்கில்லாதவரோடு பேசினார். வீட்டார் தெய்வக் குற்றம் என்று அஞ்சி எனக்கு ஆளனுப்பினர். யான் திருநீறு கொடுத்து, 'மனம் பழைய வழக்கத்தை விடமாட்டாமல் மறுகுகிறது. அஞ்சற்க' என்று சொல்லிவிட்டேன். நான்காம் நாள் விடியலில் அவர் உயிர் நீங்கிற்று. அவ்வம்மையார் இன்றளவும் என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை.

சில ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் எனக்கு விளங்கச் சொன்னார். மது நரம்பின் கிளர்ச்சியை அடக்குந் தன்மையது. நாடோறும் அதனால் அமுக்கப்படும் மூளை, சமநிலையைக் காக்கும்பொருட்டுத் தன் கிளர்ச்சியைத் தானே மிகுத்துக்கொள்ளும். துலாக்கோலின் ஒரு தட்டில் மதுவும், மற்றதில் அம்மிகுதியும் நிற்கும். ஒருநாள் மதுவை மட்டும் திடீரென எடுத்துவிடின் மற்றத் தட்டு நிலத்தில் வீழ்ந்து அறையும். கடைசிக் குடி கழிந்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தொடங்கும். முதல் 2 நாளுள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுள் இல்லாதன கண்டு பிதற்றும் சித்தப்பிரமை வரலாம். குடிப்பவர் எல்லார்க்கும் இது நேர்வதன்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவருள் சிலர்க்கே நேரும். நேர்ந்தவர்க்கு மருத்துவமின்றேல் உயிர்க்கே இடையூறாம். மருத்துவமனையிற் சேர்த்து, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை முதலில் கொடுத்துச் சில நாட்களிற் படிப்படியாகக் குறைத்து, குடியினாற் குறைந்துபோன தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றினால், பெரும்பாலோர் ஒரு வாரத்திற் கரையேறிவிடுவர். ஒரு வாரம்! யான் கற்பூரம் ஏற்றிய நேரத்தில் ஒரு வண்டி பிடித்து ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருப்பின் என்று எண்ணாத நாளில்லை.

இனி நூல்களிடத்து வருவோம். திருவள்ளுவனார் புலான் மறுத்தலை அறத்துப்பாலிலே, துறவறவியலுள் வைத்தார். கள்ளுண்ணாமையை அங்ஙனம் வைத்திலர். பொருட்பாலில் 93 ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே நிறுத்தினார். சூதினை அடுத்து 95 ஆம் அதிகாரம் மருந்து. நாற்பதாண்டு மாணவர்க்குக் குறள் பாடஞ் சொன்ன யான், கள்ளுண்ணாமையோடு அடுத்தடுத்து நிற்கும் மருந்தினைச் சேர்த்து நினைத்ததேயில்லை. வைப்பு முறைக்கு உரையாசிரியர் கூறுங் காரணம் வேறு; யான் கூறுவது என் கருத்தளவே. ஆயினும் அவ்வதிகாரத்தின் இறுதியில் ஆசிரியர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பதை நோக்குமின். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்பன அவை. யான் சந்நிதியிற் செய்வித்த சத்தியத்தில் இந்நான்கனுள் ஒருவனே இருந்தான், நோயுற்றவன்.

'குடியை நோயென்பது குற்றத்தை மழுப்புவதன்றோ? அவன் வாயில் பிறர் ஊற்றினரோ?' என்று வினவுவர் சிலர். முதற் கிண்ணம் அவன் இச்சையால் எடுத்ததே. அவ்வினையின் பயன் அவனதே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரமாவது கிண்ணம் அத்தன்மையதன்று. ஈரல் கொழுப்பேறிப் பின் வீங்கி, பின் சுருங்கி இறுகுகிறது, கணையம் கெடுகிறது, நினைவு தடுமாறுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, விழைவை நிறுத்தும் ஆற்றல் கெட்டுவிடுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956 ஆம் ஆண்டிலேயே இதனை நோயென்று ஏற்றது. சேற்றில் தானே இறங்கியவனாயினும், கழுத்தளவு அமிழ்ந்தபின் தன் குடுமியைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ள மாட்டான். இது நம் சித்தாந்தத்திற்குப் புதிய செய்தியன்று. உயிர் தன் கட்டைத் தானே அறுத்துக்கொள்ளவல்லதாயின் குருவும் வேண்டா, திருவருளும் வேண்டா.

இன்னும் நுட்பமாக ஒன்று உண்டு. உமாபதி சிவனார் திருவருட்பயனில் இருள்மல நிலையை உணர்த்துமிடத்து, புறவிருளுக்கும் ஆணவவிருளுக்கும் ஒரு வேற்றுமை காட்டுவர். புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். இருட்டாயிருக்கிறது என்று நாம் அறிகின்றோம். ஆணவமோ மறைப்பதோடு தன்னையுங் காட்டாது. குடிநோய் இவ்வாணவத்தின் சாயலிலேயே இயங்குகிறது. காய்ச்சல் வந்தவன் காய்ச்சல் என்பான். கால் முறிந்தவன் முறிந்தது என்பான். குடியிற் கட்டுண்டவனைக் கேண்மின்: 'யான் குடிகாரனல்லேன், நினைத்தால் நாளையே விடுவேன், உடம்பு வலிக்காகச் சிறிது' என்பான். அவன் பொய் சொல்லுகிறான் என்று நாம் சினக்கிறோம். அவனுக்கு நோய் தன்னைக் காட்டவில்லை. வீட்டாரும் மானத்துக்கு அஞ்சி அதனையே மூடுகின்றனர்; கடன் வாங்கி அடைக்கின்றனர்; வேலையிடத்திற்கு 'வயிற்றுவலி' என்று சொல்லியனுப்புகின்றனர். ஓர் இருளுக்கு எத்தனை திரை பாருங்கள்!

அற்றேல், 41 நாள் நின்றவர் அன்று மாலையே வீழ்ந்தது எற்றாலெனின், அங்கேதான் நம் மெய்கண்டார் துணை செய்கிறார். உயிர் எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாய் நிற்கும் என்பதும், அதற்குப் படிகத்தை உவமை கூறுவதும் நீங்கள் அறிந்தனவே. மாலையணிந்த நாட்களில் அவனுக்குக் குருசாமி உண்டு, உடன்விரதிகள் உண்டு, இருவேளை நீராட்டும் வழிபாடும் உண்டு, தெருவார் அவனை 'சாமி' என்றழைக்கின்றனர். சிவாலய ஓட்டத்தில் எவனும் தனியே ஓடுவதில்லை. கால் தளர்ந்தவனைத் தோழர் தாங்குவர். முன்பின் அறியாதார் வாயிலில் மோரும் பழமும் வைத்துக் காத்திருப்பர். மாலை கழன்றதும் இச்சார்பு முழுதும் ஒரே நாளிற் கழல்கிறது. பழைய சார்போ சாலையோரத்தில் விளக்கேற்றிக் காத்திருக்கிறது. படிகம் என்செய்யும்?

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா எவர்க்கு விதித்தது? மலநீங்கி ஞானம் பெற்று நிற்கும் சீவன்முத்தர்க்கு. அவர்க்கே அடியார் இணக்கமும், சிவவேடமும் ஆலயமும் வழிபடுதலும் விதிக்கப்பட்டன. பெருங்காயம் எடுத்துவிட்ட பாண்டத்தில் மணம் நிற்றல்போல வாசனாமலம் நின்று தாக்கும். ஆதலாற் கூட்டம் வேண்டும் என்பர் நம் ஆசிரியர். முத்தருக்கே இக்காப்பு வேண்டுமாயின், கிண்ணத்தைக் கீழே வைத்து மூன்று நாளேயான ஒரு பூத்தொடுப்பவர்க்கு வேண்டாவென்று யான் எண்ணியது எத்துணைப் பேதைமை! நூற்பாவை மாணவர்க்கு நடத்தினேன்; மனிதர்க்கு நடத்தவில்லை.

இவ்வுண்மையைச் சித்தாந்தம் அறியாத இருவர் பிறிதொரு நாட்டிலே தம் துன்பத்தினின்றே கண்டறிந்தனர். 1935 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் அக்ரான் என்னும் நகரத்தில், பில் வில்சன் என்னும் பங்குத்தரகர் ஒரு விடுதியின் முன்கூடத்தில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆயின; வந்த வாணிகம் முறிந்துவிட்டது; ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம் இழுக்கிறது. தான் வீழாமலிருக்க வேண்டுமாயின் தன்னைப்போற் குடியில் வருந்தும் ஒருவனோடு பேசவேண்டும் என்று அவர்க்குத் தோன்றிற்று. தொலைபேசியிற் பலரை வினவி, முடிவில் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டார். கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த அம்மருத்துவர் பல மணி நேரம் இருந்து பேசினார். அவரும் நெடுங்காலக் குடியர். மருத்துவக் கல்வி அவரைக் காக்கவில்லை என்பது நம்மனோர் கருதத்தக்கது. அவ்வாண்டு ஜூன் 10 க்குப் பின் அவர் குடிக்கவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1957 முதல் நம் நாட்டிலும் அஃது உண்டு. கட்டணமில்லை, குலமும் குடும்பப் பெயரும் கேட்பதில்லை, குடியை விட விரும்புதல் ஒன்றே தகுதி. முதற்படியாக அவர்கள் கொள்வது, மதுவின் முன் தம் வலிமை செல்லாது என்று வாய்விட்டு ஒப்புதல். ஆணவத்திற்கு அடி விழுவது அங்கே. 'யான் வல்லேன்' என்பான் வெளியே நிற்கிறான். 'யான் மாட்டேன்' என்பான் உள்ளே வருகிறான்.

'அது பிற சமயத்தார் நாட்டில் தோன்றியதன்றோ; சைவர் போய் உட்காரலாமோ?' என ஒரு மடத்தன்பர் கேட்டார். எந்தச் சமயத்தையும் சாராதது என்று அவர்களே விதி செய்துள்ளனர். தனக்கு மேலான ஆற்றலொன்றை அவரவர் அறிந்தவாறு கொள்ளலாம் என்பர். தமக்கு மேற்பட்டதொன்று உண்டு என்று குடிகாரர் ஒப்புங்கால் சைவன் அஞ்சவேண்டியது யாது?

பூத்தொடுத்தவரின் இளையவர், தமையன் இறந்தபின் அவரினும் மிகுதியாகக் குடித்தார். இம்முறை யான் சத்தியம் வாங்கவில்லை. மருத்துவமனைக்கு உடன் சென்றேன். பத்து நாள் கழித்து வெளிவந்தவரை, பக்கத்து ஊரில் கூடும் அக்கூட்டத்திற்கு வேறொருவர் அழைத்துச் சென்றார். இடையில் இருமுறை வழுவினார். இருமுறையும் மீண்டு சென்றார். இப்போது ஏழாண்டாகக் குடிக்கவில்லை. ஒருநாள் அவரை வினவினேன். "ஐயா, நீங்கள் 'இனி எக்காலத்தும் குடியாதே' என்றீர்கள். எக்காலம் என்பது எனக்கு மலைபோல் இருந்தது. அவர்கள் 'இன்று ஒருநாள் குடியாதிரு, நாளை வா' என்றார்கள்" என்றார். என் சொற்பொழிவுகட்கு அவர் வருவதில்லை. அக்கூட்டத்திற்கு ஒருவாரமும் தவறுவதில்லை. முன்பெனின் இது எனக்கு வருத்தமாயிருக்கும்.

நம் நாட்டில் இத்துணை எவ்வளவு அரிதாயிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குண்டு. நடுவணரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் செய்து 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கு அடிமைப்பட்டார் 38 பேரில் ஒருவரே ஏதேனும் உதவி பெற்றதாகக் கூறினர். மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பெற்றவர் 180 பேரில் ஒருவரே. எஞ்சியோர் எங்கே? நம் தெருக்களில், நம் கோயில் வாயிலில்.

கடையை மூடினால் எல்லாம் முடியுமே என்பார் உளர். மூடுதல் வேண்டாவென்று யான் சொல்லேன். 1937 அக்டோபர் முதல் நாள் இராசகோபாலாச்சாரியார் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1948 இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியதும், 1971 இல் தளர்ந்ததும், பின்னர் மாறி மாறி வந்து 2003 நவம்பர் முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடை நடத்துவதும் நாடறிந்த வரலாறு. நமக்கு அணித்தாகிய உண்ணாமலைக்கடையில், 2015 ஜூலை 31 அன்று, ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடிய காந்தியர் சசிபெருமாள் உயிர் துறந்தார். சேலத்து மனிதர், நம் மாவட்டத்து மண்ணில் வந்து இறந்தார். அவர்பொருட்டு யாம் நாணல் வேண்டும். ஆயினும் கடை மூடிய மறுநாள் காலை, கை நடுங்கும் மனிதன் ஒருவன் இருப்பான். அவனுக்கு மருத்துவமும் கூட்டமும் இல்லையேல் அவன் கள்ளச்சாராயத்தைத் தேடுவான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதின்மேற்பட்டாரைக் கொன்றதை மறந்தோமல்லேம்.

மடங்களிலும் திருக்கோயில்களிலும் பொறுப்புடையீர்! உங்கள்பால் யான் வேண்டுவன மிகச் சிறியன. குடியை விடச் சத்தியஞ் செய்ய வருபவனை, 'காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்குமா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா?' என்று முதலிற் கேண்மின். ஆம் எனின், முதலில் மருத்துவரிடம் அனுப்பிப் பின்னர்ச் சந்நிதிக்கு அழைமின். இறைவன் ஒரு வாரம் பொறுப்பான். மாலையணிவிக்கும் குருசாமிமாரும் இதனைக் கேட்டறிதல் நலம். எங்குப் போவதென்று அறியாதார்க்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணைச் சொல்லுமின். கோயிற் சுவரில், அர்ச்சனைக் கட்டணப் பலகையின் அருகில், அவ்வெண்ணை எழுதிவைத்தால் ஆகமம் கெட்டுவிடாது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரை இளமையிலேயே குடிநோய்க்கு இழந்தபின், 1980 இல் அவர் பெயரால் ஓர் ஆய்வு அறக்கட்டளையும் மருத்துவமனையும் கண்டார். அவர்கள் நோயாளியோடு வீட்டாரையும் இருத்திப் பயிற்றுவித்தனர். அன்றியும் நகரத்தில் இருந்தவாறே இராமல், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்க்கே சென்று, ஊரார் துணையோடு முகாம் அமைத்து மருத்துவஞ் செய்தனர். ஊரார் கொடுத்தது இடமும் அன்பும். நம்மிடம் பூட்டிக்கிடக்கும் மண்டபங்கள் எத்தனை! அன்னதானக் கூடங்கள் பகல் இரண்டு மணிக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கவில்லையா?

நம்மூர்க் கூட்டத்திற்கு இதுகாறும் இடமில்லை. பக்கத்து ஊர்க்குப் பேருந்திற் போகின்றனர், கடைசிப் பேருந்திற்கு அஞ்சிப் பாதியில் எழுந்து வருகின்றனர். கோயிலின் மேலைத்தெரு மண்டபத்தைச் செவ்வாய்தோறும் மாலை ஒன்றரை மணி நேரம் அவர்கட்குத் திறந்துவிடுமாறு நிர்வாகத்தார் மூவரையும் கேட்டேன். இருவர் உடன்பட்டனர். மூன்றாமவர், 'குடிகாரர் கூடும் இடம் என்று பெயராகிவிடும்' என்கிறார். குடியாதவர்கள் கூடும் இடம் அது என்று சொல்லிப் பார்த்தேன்; அவர் மனம் இன்னும் இளகவில்லை. சாவி அவர் கையிலேயே உள்ளது. சிவராத்திரி கழிந்த செவ்வாயன்று, ஓட்டக்காரர் மாலை கழற்றிய ஈரம் உலருமுன், அம்மண்டபம் திறந்திருக்கவேண்டும். வரும் வெள்ளியன்று அவர் இல்லத்திற்கு மீண்டும் போகிறேன். பூத்தொடுத்தவரின் மனைவியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.